பேரவையிலிருந்து மக்களவைக்கு: ஓசூர் எல்லையில் முற்போக்கு அரசியலின் பாதை

2024 ஜூன் மாதம் மக்களவையில் பதவியேற்றபோது தமிழ்நாட்டு உறுப்பினர்களில் பெரும்பாலோர் தமிழில் உறுதிமொழி எடுத்தார்கள். கிருஷ்ணகிரி உறுப்பினர் கே.கோபிநாத், அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி தெலுங்கில் எடுத்தார். சமூக ஊடகங்களில் அது பெரிய விவாதமானது. ஓசூர் வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. 2001, 2006, 2011 என மூன்று முறை ஓசூர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த காலத்திலேயே அவர் மொழிச் சிறுபான்மையினர் பிரச்சினையைப் பேரவையில் தெலுங்கில் பேசியவர். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவும் தெலுங்கிலேயே பதில் சொன்னார். சென்னையில் எழுப்பிய கோரிக்கையைத்தான் அவர் டெல்லிக்கும் எடுத்துச் சென்றார்.

ஒரு சட்டமன்ற உறுப்பினர் அடுத்த அவைக்குப் போகும்போது தொகுதியின் எந்தெந்தப் பிரச்சினைகள் அவரோடு போகின்றன, எவை இங்கேயே நின்றுவிடுகின்றன? ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதுவரை நடந்த அரசியல் பயணங்களை வைத்து இந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முற்போக்கு என்பதை இங்கே கட்சிக் கொடியை வைத்து அளக்கவில்லை. உழைப்பவரின் உரிமை, சிறுபான்மை மொழி, நிலம், நீர், பெண்களின் பாதுகாப்பு ஆகியவற்றில் ஒருவர் எடுக்கும் நிலைப்பாடே அளவுகோல். அப்படி அளந்தால் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. இங்கிருந்து மொழி டெல்லிக்குப் போயிருக்கிறது. ரயிலும் தண்ணீரும் கோரிக்கைகளாகப் போயிருக்கின்றன. தொழிலாளி மட்டும் இப்போது போவதில்லை. ஆலையில் உழைப்பவர்களில் பெரும்பகுதியினர் இந்த மண்ணில் வாக்காளராக இல்லாததே அதற்கு முதற்காரணம்.

ஆறு தொகுதிகள், நான்கு மொழிகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. ஓசூர், தளி, வேப்பனஹள்ளி, கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்ததுதான் கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதி. ஊத்தங்கரை தனித்தொகுதி. மேற்கே ஓசூரும் தளியும் வேப்பனஹள்ளியும் கர்நாடகத்தை ஒட்டியவை. அங்கே தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டு மொழிகள். ஓட்டுக் கேட்டுப் போகிறவர் ஒரே தெருவில் மூன்று மொழி பேச வேண்டியிருக்கும். கிழக்கே பர்கூரும் ஊத்தங்கரையும் மாந்தோப்பும் மானாவாரியுமாகக் கிடந்த பூமி. இப்போது அங்கும் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது.

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளில் ஒன்று ஓசூரில் அமைந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என வரிசையாக ஆலைகள் வந்தன. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். அங்கே நிலம் விலையேற ஏற இங்கே கூரைகள் எழுந்தன. கடந்த சில ஆண்டுகளில் ஏத்தர் மின் ஸ்கூட்டர் ஆலை ஓசூரிலும், ஓலா ஆலை போச்சம்பள்ளியிலும், டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை தேன்கனிக்கோட்டைப் பக்கமும் வந்திருக்கின்றன. ஓசூர் 1992இல் நகராட்சியானது, 2019இல் மாநகராட்சியாகிவிட்டது.

போனவர்களும் திரும்பியவர்களும்

இந்த மண்ணின் அரசியல் பயணங்களை ராஜாஜியிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் அமல்படுத்திய மாவட்டம் அன்றைய சேலம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. பின்னர் நாட்டின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்த அவர், 1952இல் மீண்டும் மாநிலத்துக்கே முதலமைச்சராக வந்தார். ஆலய நுழைவுச் சட்டமும் அவர் ஆட்சியில்தான் வந்தது. பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்த 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டமும் அவருடையதுதான். பதவியின் உயரத்தை வைத்து ஒருவரின் முற்போக்கை அளக்க முடியாது என்பதற்கு அவர் வாழ்க்கையே போதிய சான்று. அவருடைய மகன் சி.ஆர்.நரசிம்மன் 1952, 1957 தேர்தல்களில் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்குப் போனார்.

அடுத்து நினைக்க வேண்டியவர் இ.ஜி.சுகவனம். 1991இல் பர்கூரில் டி.ராஜேந்தரைத் தோற்கடித்து முதலமைச்சரானவர் ஜெயலலிதா. 1996இல் அதே பர்கூரில், பதவியில் இருந்த முதலமைச்சரை 8,366 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார் தி.மு.க.வின் சுகவனம். தமிழ்நாட்டுத் தேர்தல் வரலாற்றில் மறக்க முடியாத முடிவுகளில் ஒன்று அது. அந்த வெற்றியின் புகழ் அவரை 2004, 2009 தேர்தல்களில் மக்களவைக்குக் கொண்டு சென்றது. பேரவையிலிருந்து மக்களவைக்கு ஏறிய நேரான பாதை என்று இதைச் சொல்லலாம்.

மற்றவர்களின் பாதை அவ்வளவு நேரானதல்ல. அ.தி.மு.க.வின் கே.பி.முனுசாமி 1991இல் காவேரிப்பட்டினம் எம்.எல்.ஏ.; 1998இல் கிருஷ்ணகிரி எம்.பி.; 2011இல் கிருஷ்ணகிரி எம்.எல்.ஏ.வாகி அமைச்சர், 2019இல் மக்களவைத் தேர்தலில் தோல்வி, 2020இல் மாநிலங்களவை உறுப்பினர், 2021இல் வேப்பனஹள்ளியில் வென்றதும் மாநிலங்களவைப் பதவியைத் துறந்து பேரவைக்கே திரும்பினார். அதே கட்சியின் கே.அசோக்குமார் 2014இல் கிருஷ்ணகிரி எம்.பி. ஆனவர், 2021இல் கிருஷ்ணகிரி சட்டமன்றத் தொகுதியில் 794 வாக்கு வித்தியாசத்தில் வென்று எம்.எல்.ஏ. ஆனார். 2019 இடைத்தேர்தலில் ஓசூரில் வென்ற தி.மு.க.வின் எஸ்.ஏ.சத்யா, 2022இல் ஓசூர் மாநகராட்சியின் முதல் மேயரானார்.

இந்தப் பயணங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. தமிழ்நாட்டில் அதிகாரத்தின் மையம் சென்னைதான். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் நாளை அமைச்சராகலாம். சாலை, பள்ளி, ரேஷன் கடை, பட்டா என மக்கள் தினமும் நாடுவது மாநில அரசை. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு. ஆனால் அது ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் பரவ வேண்டும். எம்.எல்.ஏ.வுக்கு ஒரே தொகுதிக்கு 3 கோடி. எனவே டெல்லிக்குப் போனவர்கள் திரும்பி வருவதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. மாநிலக் கட்சிகளின் அரசியலில் அதுவே இயல்பான கணக்கு.

பேரவைப் பதவியும் நிலையானதல்ல என்பதற்கு ஓசூரே சாட்சி. 2016இல் கோபிநாத்தை வென்று அமைச்சரான அ.தி.மு.க.வின் பி.பாலகிருஷ்ண ரெட்டி, 1998இல் பாகலூரில் கள்ளச்சாராயத்துக்கு எதிராக நடந்த போராட்டத்தில் பேருந்துகள் தாக்கப்பட்ட வழக்கில் 2019 ஜனவரியில் மூன்றாண்டு தண்டனை பெற்றுப் பதவியை இழந்தார். இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் உறுப்பினர் தகுதி உடனே போகும் என்பது சட்டம். பின்னாளில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. போன பதவி திரும்பவில்லை. தெருப் போராட்டத்திலிருந்து அரசியலுக்கு வருகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் சந்திக்கும் ஆபத்து இது.

தளியில் முளைத்தது, ஓசூரில் முளைக்காதது

இந்த வட்டாரத்தின் பெரிய புதிர் இடதுசாரி அரசியலில் இருக்கிறது. ஆலைகள் நிறைந்த ஓசூர்த் தொகுதி 1977 முதல் 2021 வரை காங்கிரஸ், ஜனதா தளம், அ.தி.மு.க., தி.மு.க. என்று மாறி மாறித் தேர்ந்தெடுத்தது. சிப்காட் வந்த பிறகு ஒருமுறைகூட இடதுசாரிக் கட்சிக்கு அங்கே வெற்றியில்லை. ஆனால் ராகியும் தக்காளியும் காடும் மலையுமான பக்கத்துத் தளித் தொகுதி கம்யூனிஸ்ட்டை அனுப்பியிருக்கிறது. 2001இல் பா.ஜ.க.வின் கே.வி.முரளிதரனைத் தேர்ந்தெடுத்த தளி, 2006இல் சுயேச்சையாக நின்ற டி.ராமச்சந்திரனைத் தேர்ந்தெடுத்தது. அவரே 2011இலும் 2021இலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக வென்றார். இடையில் 2016இல் வென்றவர் தி.மு.க.வின் ஒய்.பிரகாஷ்.

தொழிலாளர் நகரத்தில் செங்கொடி தோற்று, உழவர் தொகுதியில் வெல்வது ஏன்? தளியில் ஓட்டுப் போடுகிறவரும் நிலத்தில் நிற்கிறவரும் ஒருவரே. வனத்துறையோடு தகராறு, யானை மிதித்த பயிருக்கு இழப்பீடு, பட்டா, கூலி என எதற்கும் அவர் தேடிப் போகும் ஆள் உள்ளூரில் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு அவர் ஓட்டுப் போடவும் முடியும். ஓசூரில் நிலைமை வேறு. மூக்கண்டப்பள்ளியிலோ சூசூவாடியிலோ ஒரே ரூமில் நாலைந்து இளைஞர்கள் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட்டுக்குப் போய் வருகிறார்கள். வேலை கான்ட்ராக்ட். வாக்காளர் அட்டை தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ ஒடிசாவிலோ இருக்கிறது. தேர்தலன்று பஸ் ஏறி ஊருக்குப் போகிறவர் உண்டு. போகாமலே விட்டுவிடுகிறவர் அதைவிட அதிகம் இருக்கக்கூடும். உழைக்கும் இடத்தில் ஓட்டு இல்லாதவரைப் பற்றிப் பேச எந்த வேட்பாளருக்கும் கட்டாயம் இல்லை.

இன்னொரு தடை கூட்டணிக் கணக்கு. 2019, 2024 மக்களவைத் தேர்தல்களில் தி.மு.க. கூட்டணியில் கிருஷ்ணகிரி காங்கிரசுக்குப் போனது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் திருப்பூரும் நாகப்பட்டினமும் கிடைத்தன. தளியில் எத்தனை முறை வென்றாலும் ஒரு கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ.வுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்கு வழி திறக்காது. எந்த இடம் எந்தக் கட்சிக்கு என்பதைச் சென்னையில் நடக்கும் பேச்சுவார்த்தைதான் முடிவு செய்கிறது. வேட்பாளரைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. தொகுதியில் உழைத்துப் பெயர் வாங்கியவர் என்பது அந்தப் பட்டியலில் கடைசியில் வரும் தகுதி.

இதே தமிழ்நாட்டில் திருப்பூர் வேறு வழியில் போயிருக்கிறது. ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கத் தலைவர் கே.சுப்பராயன் 1996இல் திருப்பூர் எம்.எல்.ஏ.; 2004இல் கோவை எம்.பி.; 2019இலும் 2024இலும் திருப்பூர் எம்.பி. பனியன் தொழிலில் தலைமுறைகளாகக் குடியேறி, வீடு கட்டி, சங்கம் வைத்து, வாக்காளரான தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். கிருஷ்ணகிரிக்கும் அப்படி ஒரு மரபு இருந்ததுண்டு. 1980 முதல் 1991 வரை நான்கு தேர்தல்களில் இத்தொகுதியில் வென்ற வாழப்பாடி ராமமூர்த்தி ஐ.என்.டி.யு.சி. தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர், நரசிம்ம ராவ் அமைச்சரவையில் தொழிலாளர் துறை இணையமைச்சராக இருந்து, காவிரிப் பிரச்சினைக்காகப் பதவி விலகியவர். தொழிலாளரும் தண்ணீரும் ஒரே உறுப்பினரின் பயணத்தில் சேர்ந்து டெல்லி போன காலம் அது.

டெல்லியில்தான் தீர வேண்டியவை

சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் மக்களவைக்குப் போவதால் இந்த வட்டாரத்துக்குப் பயன் உண்டா? உண்டு என்பதே என் உறுதியான கருத்து. எல்லைப்புற மாவட்டத்தின் பெரிய பிரச்சினைகளில் பாதியை மாநில அரசால் தனியாகத் தீர்க்க முடியாது.

முதலில் தண்ணீர். தென்பெண்ணை பெங்களூருவின் கழிவுகளைச் சுமந்துகொண்டு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறந்தால் வெள்ளை நுரை மலைபோல் எழுந்து பாலத்தையும் வயலையும் மூடுகிறது, நாற்றம் தாங்காது. அந்தத் தண்ணீர்தான் கீழே பாசனத்துக்குப் போகிறது. மேலே, தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணை குறித்துத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றம் போனது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றுக்கு நடுவர் மன்றம் அமைக்க வேண்டியது ஒன்றிய அரசு. ஓசூர் எம்.எல்.ஏ. பேரவையில் எவ்வளவு பேசினாலும், எல்லையில் உள்ள கர்நாடக ஊரான அத்திப்பள்ளிக்கு அப்பால் தமிழ்நாட்டு அரசின் ஆணை செல்லாது.

காவிரிப் பிரச்சினையில் எல்லை மூடப்படும்போது அடிபடுவதும் இந்த ஊர்தான். 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் கொளுத்தப்பட்ட நாட்களில், அத்திப்பள்ளிக்கும் சூசூவாடிக்கும் இடையே பஸ் இல்லாமல் பெட்டியும் பையும் குழந்தையுமாகக் குடும்பங்கள் நடந்தே எல்லை தாண்டின. பெங்களூருவில் வேலை, ஓசூரில் வீடு என்று வாழ்கிறவர்களின் பாதுகாப்பு இரண்டு மாநிலங்களுக்கும் ஒன்றியத்துக்கும் பொதுவான பொறுப்பு.

அடுத்தது போக்குவரத்து. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்றும் ரயில் நிலையம் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய ரயில்பாதை இருந்தது. அது எடுக்கப்பட்ட பிறகு ஜோலார்பேட்டையையும் ஓசூரையும் கிருஷ்ணகிரி வழியாக இணைக்கும் பாதை ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதியாக வந்துபோகிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2024 ஜூனில் பேரவையில் அறிவித்தார். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு விமான நிலையம் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை குறுக்கே நிற்கிறது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது ஒன்றிய அரசு. பெங்களூருவின் பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு மெட்ரோ நீட்டிக்கவும் இரு மாநில ஒப்புதலோடு டெல்லியின் அனுமதி வேண்டும்.

மொழிப் பிரச்சினையில் மட்டும் பெரும்பகுதி சென்னையின் கையில். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கட்டாயப் பாடமானது. நியாயமான சட்டம், ஓசூரில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் தெரியாமல் போவது அந்தப் பிள்ளைக்கே இழப்பு. அதோடு தாய்மொழியில் பாடம் எடுக்கும் ஆசிரியரும் புத்தகமும் கிடைக்க வேண்டும் என்று தெலுங்கு, கன்னட, உருதுப் பள்ளிகள் கேட்பதும் நியாயம். இரண்டையும் ஒரே வாயால் சொல்லத் துணிந்தவரே இந்த எல்லையில் முற்போக்காளர்.

போகாத பிரச்சினை

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ளது. சென்னையும் டெல்லியும் இரண்டுமே சட்டம் இயற்றலாம். 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாட்டுப் பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளான இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் காங்கிரசும் அவையிலேயே எதிர்த்தன. வெளியே எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றார். ஒரு சில உறுப்பினர்கள் உறுதியாக நின்றால் பேரவையில் என்ன செய்ய முடியும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் இது. டெல்லியில் அந்த எதிர்ப்புப் போதவில்லை: நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. வேலை நிபந்தனைகளை எழுத்தில் வரையறுக்கும் நிலையாணைகள் கட்டாயம் என்ற விதி, முன்பு 100 பேர் வேலை செய்யும் நிறுவனங்களிலேயே தொடங்கியது. இப்போது 300 பேர். ஓசூரின் சிறு, நடுத்தர ஆலைகளில் இந்த மாற்றத்தின் பாதிப்பை நேரடியாகச் சுமக்கப்போகிறவர்கள் ஏராளம்.

பெண் தொழிலாளர்களின் நிலை இன்னும் கூர்மையானது. புதிய மின்னணு ஆலைகள் ஆயிரக்கணக்கில் இளம்பெண்களை வேலைக்கு எடுத்திருக்கின்றன. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து பெரிய விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். 2025 நவம்பரில் உத்தனப்பள்ளி அருகே ஒரு விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்தப் பெண்கள் திரண்டு வந்து போராடினார்கள். அவர்களுக்கு உள்ளூரில் சங்கமும் இல்லை, ஓட்டும் இல்லை. திரள்வது ஒன்றே கையில் இருந்தது. அதே உத்தனப்பள்ளிப் பக்கம் புதிய சிப்காட்டுக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து உழவர்கள் 2023இல் போராடினார்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு உண்டு. அரசியல் தலைவர்கள் தேடி வந்தார்கள். பக்கத்துப் பக்கத்திலேயே நடந்த இரண்டு போராட்டங்களுக்கும் கிடைத்த அரசியல் எடையில் உள்ள வேறுபாடு, பிரச்சினையின் வேர் எங்கே என்று காட்டுகிறது.

இடம் பெயர்ந்தவர்களுக்காகப் பேசியே அரசியலில் ஏறியவர்களும் உலகில் இருக்கிறார்கள். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிரமிளா ஜெயபால், குடியேறிகளின் உரிமை இயக்கத்தில் வளர்ந்தவர். சியாட்டில் நகரில் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி கொண்டுவர நடந்த முயற்சியில் பங்கேற்றார். வாஷிங்டன் மாநில செனட்டுக்கு வந்தார். 2017 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் இருக்கிறார். அங்கே அவர் கொண்டுவந்த மசோதாக்களில் வீட்டு வேலைத் தொழிலாளர் உரிமை மசோதாவும் ஒன்று. நகரத்தில் தொடங்கிய கோரிக்கை மாநிலத்தின் வழியே தலைநகரம் வரை அவரோடே போனது. குடியேறியவர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் பெரிய இயக்கத்தை முன்பே நடத்தியவர் என்பதால்தான் அது முடிந்தது.

செய்ய வேண்டியது

ஓசூருக்கும் அந்த வழி மூடியில்லை. ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சொந்த வீடு வேண்டியதில்லை. ஊர் மாறியவருக்குப் படிவம் 8 இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளாக ஓசூர் ரூமில் இருக்கும் தொழிலாளிக்கு இங்கே ஓட்டுப் போடும் உரிமை உண்டு. அதை அவரிடம் சொல்ல ஆள் இல்லை. ரூம் உரிமையாளர் ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். விடுதி நிர்வாகம் முகவரிச் சான்று தராது. கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்கள் நிரந்தரக் குடும்பங்களின் கதவை மட்டும் தட்டுவார்கள். இந்த மூன்று தடைகளையும் தொழிற்சங்கங்களும் மாநகராட்சி உறுப்பினர்களும் முயன்றால் நீக்கலாம்.

அதைச் செய்கிற எம்.எல்.ஏ.வுக்கு உடனடி லாபம் இல்லை. சாதி, மொழி, கூட்டணி என்று பழகிய கணக்கு கலையும் என்ற அச்சமும் வரும். ஆனால் மூக்கண்டப்பள்ளி ரூம்களிலும் உத்தனப்பள்ளி விடுதிகளிலும் இருப்பவர்கள் வாக்காளர் பட்டியலுக்குள் வந்துவிட்டால், கூட்டணிப் பேச்சில் யாருக்கு எந்தத் தொகுதி என்று பிரிக்கும்போது எந்தக் கட்சியும் அவர்களை விலக்கிவைத்துக் கணக்குப் போட முடியாது. அப்போது ஓசூரிலிருந்தோ தளியிலிருந்தோ மக்களவைக்கு வேட்பாளராக நிற்கிறவரிடம், நுரை பொங்கும் ஆற்றைப் பற்றியும் ரயில்பாதையைப் பற்றியும் கேட்பதோடு, கான்ட்ராக்ட் தொழிலாளியின் நிலையாணையைப் பற்றியும் விடுதிப் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றியும் கேட்க ஓட்டுரிமையுள்ள ஆட்கள் இருப்பார்கள். அடுத்து டெல்லிக்குப் போக நினைக்கும் முற்போக்கு எம்.எல்.ஏ. யாராக இருந்தாலும், தன் பிரச்சாரத்தை அந்த ரூம்களில் படிவம் 8 நிரப்புவதிலிருந்து தொடங்கட்டும்.